கச்சான் காற்றில் கையடக்க கேமரா

விலை கூடிய கையடக்க கேமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது சென்சார், லென்ஸ், மெகாபிக்சல். நானும் அதையேதான் மாதக்கணக்கில் பார்த்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் யூடியூபைத் திறந்தால் தூக்கம் வரும்வரை அதுதான். அந்த வீடியோக்களில் பேசுகிறவர்கள் டோக்கியோ தெருவில் நிற்கிறார்கள், பெங்களூரு காபிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடி மாதம் தனுஷ்கோடிக் கோடியிலுள்ள அரிச்சல்முனையில் நின்று யாரும் பேசவில்லை. 62,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கேமரா ஒரு வருடம் முடிவதற்குள் படுத்துக்கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கும் சென்னைக்கும் தனியாக அலைந்தபோது, இதெல்லாம் முன்பே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது. மண்டபம், பாம்பன், ஏர்வாடி, தொண்டி என்று நம் கரையோரத்தில் இருந்துகொண்டு கேமரா வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பாதி பொருந்தும்.

எனக்கு ஏன் சின்ன கேமரா தேவைப்பட்டது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். வேலை போக மிச்ச நேரத்தில், மன்னார் வளைகுடா தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதவும் படமெடுக்கவும் செய்கிறேன். முதலில் ஒரு பெரிய டிஎஸ்எல்ஆர் இருந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையில் இறங்கினாலே எல்லோரும் வேலையை விட்டுவிட்டு, முந்தானையைச் சரிசெய்து, போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றுவிடுவார்கள். “டிவியில இருந்து வந்திருக்கீகளா தம்பி?” என்று கேட்டபிறகு இயல்பான படம் எங்கே கிடைக்கும்? சட்டைப் பையில் அடங்குகிற கேமரா என்றால் அவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள், வத்தையில், அதாவது சின்னப் படகில் ஏறும்போது எனக்கும் ஒரு கை மிச்சம். போனிலேயே எடுக்கலாமே என்பார்கள். விடிகாலை மீன் இறங்குகிற இடத்தில், ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் ஏலம் நடக்கும்போது போனில் எடுத்துப் பாருங்கள். நண்டு அள்ளும் கை வெறும் மங்கலாகத்தான் விழும்.

அதனால் ‘ஒரு இன்ச் சென்சார்’ வகைக் கேமரா என்று முடிவு செய்தேன். சென்சார் என்பது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு. பெயரைப் பார்த்து ஒரு அங்குலம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உண்மையான அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். ஆனாலும் சாதாரண சின்ன கேமராக்களில் இருக்கும் 1/2.3 இன்ச் சென்சாரைவிடப் பரப்பில் நான்கு மடங்கு பெரியது. 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்து இந்த வகையைப் பிரபலமாக்கியது. கேனான் ஜி7எக்ஸ் வரிசையிலும் இதே அளவுதான். அதற்கு மேலே ஏபிஎஸ்-சி சென்சார், பரப்பில் இன்னொரு மூன்று மடங்கு. ரிக்கோ ஜிஆர் 3, ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை எல்லாம் அந்த இனம். நான் வாங்கிய கேமராவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்கு நடந்தது ஒரு மாடலின் கோளாறு இல்லை. லென்ஸ் வெளியே நீண்டு வந்து உள்ளே மடங்குகிற எந்தக் கேமராவுக்கும் இந்த ஊரில் நடக்கக்கூடியதுதான்.

சென்னையில் ஒரு கடையில் வாங்கினேன். பில் கொடுத்தார்கள், பெட்டி சீல் பிரிக்காமல் இருந்தது, கம்பெனி வாரண்டி இரண்டு வருடம் என்று பில்லிலேயே எழுதியும் கொடுத்தார்கள். ஒன்று மட்டும் உறுத்தியது. பெட்டியில் எம்ஆர்பி ஸ்டிக்கர் இல்லை. கேட்டதற்கு, “ஷெல்ஃப்ல உரசி உரசிக் கிழிஞ்சிருக்கும் சார்” என்றார் கடைக்காரர். அந்த ஸ்டிக்கரின் மதிப்பு எனக்குத் தெரிந்தது பல மாதம் கழித்துத்தான், எனவே இங்கே கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து முறையாக இறக்குமதியாகி இங்கே விற்கப்படும் பொருளின் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சிட்டோ ஒட்டியோ இருக்க வேண்டும் என்பது சட்டம். அது இல்லையென்றால் பொருள் குறுக்கு வழியில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். கேமரா அசல்தான், போலி இல்லை. ஆனால் அந்த சீரியல் எண்ணுக்கு இந்தியாவில் வாரண்டி கிடையாது. பணம் கொடுக்கும் முன்பே கடையில் நின்றபடி கம்பெனியின் இந்திய வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, பெட்டியில் உள்ள சீரியல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில்.

முதல் சில மாதங்கள் சந்தோஷமாகப் போயின. வாடைக்காற்றுக் காலம், தெற்குக் கடல் குளம்போல் கிடக்கும். சின்னப்பாலத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் பெண்கள் விரல்களில் துணியைக் கிழித்துச் சுற்றுவதை ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து எடுத்தேன். பாறையில் பாசியைப் பிடுங்கும்போது விரல் கிழியாமல் இருக்க அந்தத் துணி. முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கும் அந்த நொடியில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பெரிய கேமராவில் எடுத்திருக்கவே முடியாது. கொடுத்த காசு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கச்சான் பிடித்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தென்மேற்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்று வைகாசியில் தொடங்கி ஆவணி வரை நம் கரையை விடாது. தனுஷ்கோடி சாலையில் மணல் கணுக்கால் உயரத்தில் புகைபோல ஓடும். காலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அந்த நாளில் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வண்டியை நிறுத்தினேன், கேமராவை ஆன் செய்தேன், கோதண்டராமர் கோயில் பக்கம் இரண்டு படம் எடுத்தேன், அணைத்தேன். லென்ஸ் உள்ளே போகும்போது ‘கர்ர்’ என்று ஒரு சத்தம், அரைத்த மாவில் கல் கடிபட்ட மாதிரி. பாதியிலேயே நின்றுவிட்டது. திரையில் லென்ஸ் கோளாறு, மறுபடி ஆன் செய்யவும் என்று வந்தது. அது சொன்னபடி ஆன் செய்தால் மறுபடியும் அதே சத்தம், இன்னும் மெலிதாக. வயிறு கலங்கிவிட்டது. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

இந்த லென்ஸ்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு மூன்று குழாய்கள். அவற்றை இழுக்கவும் தள்ளவும் ஒரு குட்டி மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரங்களும் உண்டு. குழாய்களுக்கிடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. வெளியே நீண்டிருக்கும்போது அதன்மேல் ஒட்டுகிற மணலை, மடங்கும்போது கேமராவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. உப்புக்காற்றின் ஈரம் சேர்ந்தால் மணல் இன்னும் நன்றாக ஒட்டும். இப்படி நின்றுவிட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் மோட்டார் முட்டி முட்டிப் பல்சக்கரத்தைத் தேய்க்கும். உடனே பேட்டரியைக் கழற்றிவிட்டு, லென்ஸ் இருக்கிற நிலையிலேயே கீழ்நோக்கிப் பிடித்து ஒரு துணிப்பைக்குள் வையுங்கள். உள்ளங்கையில் தட்டு, வாயால் ஊது, வாக்குவம் கிளீனரை வை என்று இணையத்தில் நூறு வைத்தியம் உண்டு. வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும், அவ்வளவுதான் பலன்.

மதுரையில் சர்வீசுக்கு வாங்கி அனுப்புகிற இடத்தில் கொடுத்தேன். வாங்கியவர் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது இந்தியா பீஸ் இல்ல சார்” என்றார். பில்லைக் காட்டினேன். அது கடை கொடுத்த வாரண்டி, கம்பெனி கொடுத்தது இல்லை என்றார். காசு கொடுத்தே சரிசெய்வதாக இருந்தாலும் சென்னைக்குப் போய்த்தான் வர வேண்டும், மதிப்பீடு வர மூன்று வாரம் ஆகலாம் என்றார். ஐந்து வாரம் ஆனது. 19,800 ரூபாய் என்று வந்தது. தனித்தனிப் பாகமாக மாற்ற மாட்டார்களாம், லென்ஸ் தொகுதியை மொத்தமாகத்தான் மாற்றுவார்களாம். சேது எக்ஸ்பிரசில் ஏறிச் சென்னைக்குப் போய்க் கடையில் நின்றேன். “மணல் போனதுக்கு நாங்க என்ன சார் பண்றது” என்று கடைக்காரர் சிரித்தார். மணல் போனதற்கு வாரண்டி கேட்பது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கம்பெனியும் மணலையும் தண்ணீரையும் வாரண்டியில் சேர்ப்பதில்லை. ஆனால் என் கேள்வி அது இல்லை. இல்லாத வாரண்டியை இருப்பதாக எழுதி விற்றீர்களே, அதற்கு என்ன பதில்? அதற்கு அவர் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை.

அந்த நாட்களைப் பற்றி நினைத்தாலே இன்னும் எரிச்சல் வருகிறது. வீட்டில், கேமரா சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன், எவ்வளவு கேட்கிறார்கள் என்று சொல்லவில்லை. பாசிக்குப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான். அந்த நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிய, நான் போனை வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். ஒரு இதழுக்குப் படக்கட்டுரை தருவதாகச் சொல்லியிருந்ததும் போனது. கேமரா பற்றி விஷயம் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் புலம்பவாவது செய்திருக்கலாம். “கேமராவுக்கு அறுபதாயிரமா, அதுல ஒரு பழைய வத்தையே வாங்கியிருக்கலாமே தம்பி” என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

கடைசியில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். அவர்கள் கடைக்குப் புகாரை அனுப்பினார்கள், கடை கண்டுகொள்ளவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதில் பலருக்கும் தெரியாத விஷயங்கள் உண்டு. 2019 சட்டப்படி, கடை சென்னையில் இருந்தாலும் நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பில், பணம் போன வங்கிக் கணக்கு விவரம், இந்திய சீரியல் எண் இல்லை என்று சர்வீஸ்காரர்கள் எழுதிக் கொடுத்த தாள் ஆகிய மூன்றும்தான் என் பக்கம் பேசின. அந்தத் தாளைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள், வாயால் சொன்னது எதற்கும் உதவாது. நோட்டீஸ் போனதும் கடைக்காரரே போன் செய்து 15,000 தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றார். வாங்கிக்கொண்டு முடித்தேன். இழுத்தடித்திருந்தால் கூடக் கிடைத்திருக்கலாம். எனக்குத் தெம்பு இல்லை.

சரி, எந்தக் கேமராவை வாங்குவது? பரமக்குடியில் கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியும், ஊருக்கு வந்த வேறு இரண்டு பேருடையதைக் கையில் வாங்கிப் பார்த்தும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடலோரத்தில் முதல் கேள்வி லென்ஸ் நீளுமா, நீளாதா என்பதுதான். ஆர்எக்ஸ்100, ஜி7எக்ஸ், ஜிஆர் எல்லாம் நீளும். எக்ஸ்100வி, அதற்குப் பின் 2024இல் வந்த எக்ஸ்100விஐ இரண்டிலும் லென்ஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கும். அவற்றில் தனியாக விற்கும் அடாப்டர் வளையத்தையும் 49 மில்லிமீட்டர் பாதுகாப்பு ஃபில்டரையும் மாட்டினால்தான் தூசு, சாரல் தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. அந்த இரண்டும் இல்லாமல் ‘வெதர் சீல்’ என்று நம்பி எடுத்துப் போகாதீர்கள். சட்டைப் பையில் அடங்காது, ஜூம் கிடையாது, விலையும் ஒரு லட்சத்தைத் தாண்டும். இது மூன்றும் பரவாயில்லை என்றால் நம் கரைக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை.

அடுத்தது வெயில். நடுப்பகலில் வெள்ளை மணலில் நின்று பின்திரையைப் பார்த்தால் நம் முகம்தான் தெரியும். படம் தெரியாது. போலராய்டு கண்ணாடி போட்டிருந்தால் கேமராவைத் திருப்பும்போது திரை முழுக்கக் கறுத்துவிடும். எனவே கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இங்கே ஆடம்பரம் இல்லை, அவசியம். ஜி7எக்ஸ் வரிசையிலும் ஜிஆரிலும் அது கிடையாது. ஆர்எக்ஸ்100இல் மூன்றாவது மாடலிலிருந்து உண்டு, மேலே எழுப்பிக்கொள்ள வேண்டும். இதோடு சேர்ந்த இன்னொன்று என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்குள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. எஃப் 1.8 லென்ஸ் என்று பெருமையாக விளம்பரம் செய்வார்கள். இந்த எண் சிறியதாக இருந்தால் வெளிச்சம் புகும் துவாரம் பெரியது என்று அர்த்தம். உச்சி வெயிலில் அந்தத் துவாரத்தை முழுக்கத் திறந்தால் 1/8000 நொடி ஷட்டர் வேகம் வேண்டும், மணலின் எதிரொளி சேர்ந்தால் இன்னும் கூட. இந்தக் கேமராக்கள் பலவற்றில் இயந்திர ஷட்டர் 1/2000இலேயே நின்றுவிடும். என்டி இருந்தால் சமாளிக்கலாம். ஆர்எக்ஸ்100இன் 3, 4, 5 மாடல்களில் அது இருந்தது, 6, 7இல் எடுத்துவிட்டார்கள். புதிய மாடல் என்றால் எல்லாமே கூடுதலாக இருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஜூம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: பூநாரை எடுக்க இந்தக் கேமராக்களை வாங்காதீர்கள். லென்ஸின் மில்லிமீட்டர் எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். ஆனால் 200 மில்லிமீட்டர் வரை போகும் ஆர்எக்ஸ்100 7இலும் தனுஷ்கோடியில் தேங்கிய கடல்நீரில் நிற்கும் பூநாரை வெள்ளைப் புள்ளிதான். அந்த நீள ஜூமுக்காகத் துவாரம் எஃப் 2.8இலிருந்து 4.5 வரை சுருங்கிவிடுகிறது, விடிகாலை ஏலத்தில் அது வலிக்கும். எனக்கு 24 முதல் 70 வரை உள்ள ஜூமே போதுமாக இருந்தது. எடுத்த படங்களைத் திரும்பப் பார்த்தால் பாதிக்கு மேல் 35ஐச் சுற்றித்தான் இருக்கின்றன. உங்கள் பழைய படங்களிலும் இந்த எண்ணைப் பாருங்கள், எந்த லென்ஸ் வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது என்னிடம் இரண்டு கேமரா. காசு கொடுத்துச் சரிசெய்த பழையது ஏலத்துக்கும் வீட்டுக்குள்ளும் மட்டும். கச்சான் மாதங்களில் அது கரைப்பக்கம் போவதே இல்லை. வத்தைக்கு, பயன்படுத்திய ஒலிம்பஸ் டிஜி-6 ஒன்று வாங்கிக்கொண்டேன். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும், லென்ஸ் உடம்புக்குள்ளேயே நகரும், வெளியே நீளாது. சென்சார் என்னவோ அதே சின்ன 1/2.3 இன்ச், 12 மெகாபிக்சல். இருட்டில் படம் கரகரக்கும். ஆனால் நல்ல வெளிச்சத்தில், தண்ணீருக்குள் பாசி பிடுங்கும் கையை எடுக்க முடிகிறது. உயர்தரக் கேமரா பிரியர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைக்கிறேன். தண்ணீர் தாங்காத கேமரா என்றால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் உடம்பை மட்டும் துடைக்க வேண்டும். லென்ஸ் கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தால் காய்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, முதலில் ரப்பர் புளோயரால் மணலைத் தள்ளிவிட வேண்டும்.

ஈரப்பதமும் ஒரு பகைதான். ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள் துணியோடு வைத்த கேமராவின் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம் போதும். நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழையபடி ஆகிவிடும், சமையலுக்கு வைத்திருக்கும் வாணலியில் மட்டும் வேண்டாம். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்தால் கண்ணாடி பனித்துவிடும். பையை மூடியபடியே வெளியே அரைமணி நேரம் வைத்திருந்து பிறகு திறங்கள். பேட்டரி விஷயத்தில் சின்ன கேமராக்கள் எல்லாமே பெருந்தீனிக்காரர்கள். ரிக்கோ ஜிஆர் 3க்கு ஒரு சார்ஜில் 200 படம் என்பதுதான் கம்பெனிக் கணக்கு. தீவுப் பக்கம் போனால் சார்ஜ் போட இடம் ஏது, இரண்டு பேட்டரியாவது கூடுதலாக வேண்டும்.

கடைக்குப் போகும்போது சொந்த மெமரி கார்டைக் கையோடு கொண்டு போங்கள். கேமராவை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் திரையைப் பாருங்கள். லென்ஸை ஆன், ஆஃப் செய்து காதருகே வைத்துக் கேளுங்கள், ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும். வெள்ளைச் சுவரை எஃப் 11இல் ஒரு படம் எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் தூசு இருந்தால் சாம்பல் புள்ளியாகத் தெரியும். பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வாங்கி வந்து பிறகு கண்டுபிடித்தால், எனக்கு மதிப்பீடு கொடுத்த அதே சர்வீஸ் மேஜையில்தான் நீங்களும் போய் நிற்க வேண்டியிருக்கும்.